மான்குர்த்திலிருந்து கர்னாளா: பாதி மிதி, பாதி நடை

மலை ஏற வேண்டுமென்றால் கார் வேண்டும், நாலு நாள் லீவு வேண்டும், ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ டிக்கெட் எடுக்க வேண்டும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மான்குர்த், கோவண்டி, சீத்தா கேம்ப், செம்பூர் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது எதுவும் தேவையில்லை. ஒரு சைக்கிள், ஒரு ஜோடி ரப்பர் ஷூ, பன்வேலில் ஒரு உறவினர் வீடு, இவை போதும். ஏறத்தாழ 40 கி.மீ. தூரத்தில் கர்னாளாக் கோட்டை நிற்கிறது. கோவா நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போனவர்கள் பார்த்திருப்பார்கள், மலை உச்சியில் கட்டைவிரலை நிமிர்த்தி வைத்தாற்போல ஒரு கல்தூண். அந்தத் தூணின் அடி வரைக்கும் சைக்கிளும் காலும் சேர்ந்து நம்மைக் கொண்டுபோய்விடும்.

மேலைநாடுகளில் இதை ஒரு தனி விளையாட்டாகவே வளர்த்திருக்கிறார்கள். சைக்கிள் போகும் வரை சைக்கிள், பிறகு அதைக் கீழே பூட்டி வைத்துவிட்டு நடை. இதில் பெரிய மனிதர் ஸ்வீடன் நாட்டு யோரன் க்ரோப். 1995 அக்டோபரில் ஸ்டாக்ஹோமிலிருந்து சாமான்களையெல்லாம் சைக்கிளில் கட்டிக்கொண்டு புறப்பட்டு, ஏறத்தாழ 13,000 கி.மீ. மிதித்து நேபாளம் வந்து, 1996 மே 23 அன்று ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லாமல் எவரெஸ்ட் உச்சியில் நின்றார். திரும்பும்போதும் சைக்கிளில்தான் ஊருக்குக் கிளம்பினார். அவருடைய வீரத்தைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. அதே மாதம் 3ஆம் தேதி உச்சிக்குக் கிட்டத்தட்ட 100 மீட்டர் பாக்கியிருந்தபோது, நேரமாகிவிட்டது என்று அவர் திரும்பி இறங்கிவிட்டார். ஒரு வாரம் கழித்து, மே 10, 11 தேதிகளில் அதே மலையில் புயலில் சிக்கி 8 பேர் மாண்டார்கள். அவர்களில் சிலர், திரும்ப வேண்டிய நேரம் கடந்த பிறகும் மேலே போய்க்கொண்டிருந்தவர்கள்.

கர்னாளா எவரெஸ்ட் அல்ல. உயரம் ஏறத்தாழ 450 மீட்டர்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறி இறங்குகிறார்கள். ஆனாலும் நேரக் கணக்கு இங்கேயும் உண்டு. இங்கே புயலுக்குப் பதில் வெயில்.

நாட்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நம் தமிழ்க் கணக்கில் இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும். அந்தக் கணக்கை நம்பிக் கொங்கணத்தில் மலை ஏறப் போனால் வறுபட்டுத்தான் வரவேண்டும். இந்தக் கரைக்கு வசந்தம் மாசி மாதம், போனால் போகிறதென்று பங்குனியின் முதல் வாரம், அதாவது பிப்ரவரி நடுவிலிருந்து ஹோலிப் பண்டிகையை ஒட்டிய நாட்கள் வரை. இலையெல்லாம் உதிர்ந்த காட்டில் புரச மரம் செக்கச் செவேலென்று பூத்து நிற்கும் சமயம் அது. மராத்தியில் பளஸ் என்பார்கள். சென்னைப் புரசைவாக்கத்துக்குப் பெயர் கொடுத்த அதே மரம்தான். முள்ளிலவும் கல்யாண முருங்கையும் அப்போதே பூக்கும். இலை இல்லாததால் பறவைகளும் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் அந்த மாதங்களில்தான் மும்பைக் காற்று ஒரு வேலை செய்கிறது. காலையில் நிலத்துப் பக்கமிருந்து, கிழக்கேயிருந்து, உலர்ந்த சூட்டுக் காற்று வீசும். பிற்பகலில் கடல் காற்று வந்து அதைத் தள்ளிக்கொண்டுபோய்ச் சூட்டைத் தணிக்கும். மார்ச் மாதத்தில் சில நாட்கள் கிழக்குக் காற்று பலமாக இருந்து, கடல் காற்று நேரங்கழித்து வரும். அன்றைக்குத்தான் ஊர் கொதிக்கும். 1956 மார்ச் 28 அன்று சாந்தாகுரூஸில் 41.7 டிகிரி பதிவாயிற்று. மே மாதம்தான் வெயில் என்று ஊர் ஞாபகத்தில் இருப்பவர்கள் இந்த மார்ச் மாதத்தை அலட்சியம் செய்கிறார்கள்.

வெயிலின் கொடுமைக்கு நாம் போகும் வழியிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 2023 ஏப்ரல் 16 அன்று கார்கரில் ஒரு திறந்தவெளி அரசு விழாவில் பல மணி நேரம் உட்கார்ந்திருந்தவர்களில் 14 பேர் வெயிலின் தாக்கத்தால் இறந்துபோனார்கள். அவர்கள் மலை ஏறவில்லை, சைக்கிள் மிதிக்கவில்லை. வெறுமனே உட்கார்ந்திருந்தவர்கள். கடற்கரை ஊரில் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை சொட்டுமே தவிரக் காயாது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். ஆகவே உலர்ந்த ஊரில் 40 டிகிரியைத் தாங்குகிறவர் இங்கே 37 டிகிரியில் சுருண்டுவிடுவார்.

அப்படியானால் விடியுமுன் நாலரை மணிக்கே கிளம்பிவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். பல குழுக்கள் அப்படித்தான் செய்கின்றன. இங்கே இரண்டாவது ஆபத்து வருகிறது. 2024 பிப்ரவரி 28 அன்று, பொழுது விடிவதற்கு முன், சுமார் ஐந்தே முக்கால் மணிக்கு, நேருல் அருகே பாம் பீச் சாலையில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த அவ்தார் சைனி பின்னாலிருந்து வந்த ஒரு டாக்ஸி மோதி இறந்தார். இன்டெல் கம்பெனியின் இந்தியக் கிளைக்குத் தலைவராக இருந்தவர், பென்டியம் சிப் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தவர். வயது 68. நம் செம்பூர்வாசி. கற்றுக்குட்டி அல்ல, பழக்கப்பட்ட சைக்கிள்காரர், நண்பர்களோடு போனவர். அகலமான, நேரான, மேடு பள்ளமில்லாத சாலை அது. சாலை நன்றாக இருப்பதே அந்த நேரத்தில் வண்டிக்காரர்களுக்கு வேகத்தைக் கொடுக்கிறது.

ஆக, வெயிலுக்குப் பயந்தால் இருட்டில் போகவேண்டும், இருட்டுக்குப் பயந்தால் வெயிலில் மாட்டவேண்டும். ஒரே நாளில் போய்த் திரும்பும் திட்டத்தில் இந்தச் சிக்கலுக்கு வழியே இல்லை. பலநாள் யோசித்து, எங்கள் சால் பிள்ளைகளோடு நாலைந்து முறை போய் வந்த பிறகு, நான் பிடித்துக்கொண்டிருக்கும் வழி பயணத்தை இரண்டாக வெட்டிவிடுவது. சனிக்கிழமை மாலை பன்வேல் வரை, ஞாயிறு காலை மலை. மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் பன்வேலிலோ காமோட்டேயிலோ கலம்போலியிலோ ஒரு சித்தப்பாவோ மச்சானோ ஃப்ளாட் வாங்கிப் போகாத குடும்பம் இப்போது அபூர்வம். ரயிலும் வசதியாகிவிட்டது. 1992 மே மாதம் வாஷிக்கு ரயில் ஓடத் தொடங்கும் வரை ஹார்பர் லைனுக்கு மான்குர்த்தான் கடைசி ஸ்டேஷன். 1998இல் பன்வேல் வரை போயிற்று. அதன் பிறகுதான் நம் சனங்கள் பாலம் தாண்டிக் குடியேறியது அதிகம். அத்தையைப் பார்த்ததாகவும் ஆச்சு, மலை ஏறினதாகவும் ஆச்சு.

சனிக்கிழமை மாலை நாலரைக்குக் கிளம்புங்கள். மார்ச் முதல் வாரத்தில் சூரியன் மறைய ஆறே முக்கால் ஆகும். மான்குர்த்திலிருந்து பன்வேல் சுமார் 29 கி.மீ. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் இரண்டு மணி நேரம். இது யாருக்கும் முடியும். சயான்-பன்வேல் நெடுஞ்சாலையில் ஏறியதும் வருவது வாஷிப் பாலம். முதல் பாலம் 1973இல் திறந்தது, இரண்டாவது 1997இல். பாலத்தின் ஏற்றத்தை அவசரப்படாமல் ஏறுங்கள். தண்ணீர் வற்றியிருக்கும் நேரமானால் கழிமுகச் சேற்றில் பூநாரைகள் இளஞ்சிவப்பாகப் பரவி நிற்கும். தானே கழிமுகம் 2015இல் பூநாரைச் சரணாலயமாகவும், 2022இல் உலக அளவிலான ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. நம் தேவ்னார் குப்பைமேட்டின் புகை ஒரு பக்கம், இந்தப் பறவைக் கூட்டம் மறு பக்கம். மான்குர்த்துக்காரர்களுக்கு இரண்டுமே சொந்தம். ஆனால் பாலத்தின் மேல் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்க்கக் கூடாது. ரயிலில் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

வாஷி தாண்டினால் வரிசையாக மேம்பாலங்கள். ஒன்றிலும் ஏறாதீர்கள், கீழே பக்கச் சாலையாகவே போங்கள். சிக்னலில் ஐந்து நிமிடம் போனால் போகட்டும். பேலாப்பூர், கார்கர், காமோட்டே கடந்து கலம்போலி வந்ததும் பலகையைக் கவனமாகப் படியுங்கள். புனே எக்ஸ்பிரஸ்வே அங்கேதான் தொடங்குகிறது. அதில் மோட்டார் சைக்கிளுக்கே அனுமதி கிடையாது. நாம் பன்வேல் ஊர்ப் பக்கம் திரும்ப வேண்டும். கடலுக்கு மேலே 2024 ஜனவரியில் திறந்த அடல் சேது வழியாகப் போகலாமா என்று ஒரு பையன் கேட்டான். அங்கும் இரு சக்கர வண்டிகளுக்கு இடமில்லை.

சாலையில் எப்படிப் போவது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சைக்கிளில் இட்லி விற்கும் எங்கள் வீட்டு எதிர்வீட்டு அண்ணாச்சி. முப்பது வருஷமாக விடிகாலை இருட்டில் அலுமினியப் பாத்திரத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு போகிறவர். “வண்டி வருதான்னு திரும்பிப் பாக்காதிய. திரும்புனா ஹேண்டில் தானா வலது பக்கம் இழுக்கும். காதை வச்சு லாரியா காரான்னு கணக்குப் பண்ணணும்” என்பார். ஆகவே காதில் பாட்டு மாட்டிக்கொண்டு வரும் பிள்ளைகளை நான் சேர்ப்பதில்லை. பக்கத்தில் பக்கமாகப் பேசிக்கொண்டு போவதும் கூடாது, ஒருவர் பின் ஒருவராகத்தான். பின்னால் சிவப்பு விளக்கு, முன்னால் வெள்ளை விளக்கு, தலையில் ஹெல்மெட், வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை. மாலையானாலும் இவை வேண்டும். டயர் பஞ்சரானால் போக வழியில்லாமல் நிற்பதற்குத்தான் நேரம் ஓடி இருட்டிவிடும். பெண் பிள்ளைகள் சூரிதார் துப்பட்டாவை வீட்டிலேயே விட்டுவிட்டு, கால் முனையை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும். செயினில் சிக்கினால் துணி மட்டுமல்ல, ஆளும் போவார்.

சைக்கிள் எது வேண்டும்? இப்போது கடையில் மலை சைக்கிள் என்று விற்பது, 1970களில் அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் டமால்பைஸ் என்ற மலையில் (பெயரைச் சொன்னாலே ஆள் விழுந்த சத்தம் கேட்கிறது) பழைய சைக்கிள்களில் தடித்த டயரைப் போட்டு மண்பாதையில் இறங்கி விளையாடிய இளைஞர்களிடமிருந்து வந்தது. அந்தத் தடித்த முள் டயர் தார்ச்சாலையில் பாரமாக இழுக்கும். சாலைக்கு மட்டும் காற்றைக் கொஞ்சம் கூட்டி அடியுங்கள், டயர் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அளவைத் தாண்டாமல். கியர் இருந்தால் ஏற்றத்தில் முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் பெரிய பல்சக்கரம். கால் வேகமாகச் சுற்றட்டும், அழுத்தம் குறைவாக இருக்கட்டும். தொடையின் பலத்தைச் சாலையிலேயே செலவழித்துவிட்டால் மலைக்கு மிச்சம் இருக்காது. கியர் இல்லாத கறுப்பு சைக்கிளும் கெட்டதில்லை, வழி பெரும்பாலும் சமதளம்தான். முக்கியம் சீட்டின் உயரம். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு 40 கி.மீ. மிதித்தவருக்கு மறுநாள் படி இறங்கவே முழங்கால் கெஞ்சும்.

ஞாயிறு காலை வெளிச்சம் வந்த பிறகு, ஆறரைக்கு, பன்வேலை விட்டுக் கிளம்பினால் போதும். பளஸ்பே ஃபாட்டாவில் கோவா சாலையில் திரும்பி, ஷிர்டோன் ஊரைத் தாண்ட வேண்டும். 1870களின் கடைசியில் வெள்ளைக்காரனை எதிர்த்து ஆயுதம் எடுத்து, ஏடன் சிறையில் 1883இல் உயிர்விட்ட வாசுதேவ் பல்வந்த் ஃபட்கே பிறந்த ஊர் அதுதான். அதன்பின் சாலை லேசாக ஏறும். பன்வேலிலிருந்து சுமார் 12 கி.மீ.யில் கர்னாளாப் பறவைகள் சரணாலயத்தின் வாயில். சீட்டு வாங்கிக்கொண்டு சைக்கிள்களை ஒன்றோடொன்று சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். மேலே சைக்கிளுக்கு வேலையில்லை. பாறையும் வேரும் கலந்த ஒற்றையடிப் பாதை, போதாக்குறைக்குச் சரணாலயம்.

இங்கே ஒரு நுணுக்கம். சைக்கிளை விட்டு இறங்கியதும் கால் நமதல்ல என்று தோன்றும். மிதிக்கும்போது தொடையின் முன்பக்கம் வட்டமாக ஒரே மாதிரி வேலை செய்து பழகியிருக்கும். உடனே வேகமாக ஏறினால் கெண்டைக்காலில் நரம்பு இழுத்துக்கொள்ளும். பத்து நிமிடம் உட்கார்ந்து, இரண்டு இட்லி தின்று, முதல் கால் மணி நேரம் கோயில் பிரகாரம் சுற்றுவதைப் போல மெதுவாக நடங்கள். இட்லி என்றால் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவினது. தேங்காய்ச் சட்னி அந்தச் சூட்டில் ஊசிப்போகும். அண்ணாச்சி ஒவ்வொரு முறையும் நாற்பது இட்லி கட்டிக்கொடுத்துக் காசு வாங்க மறுப்பார்.

ஏற ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் பிடிக்கும். முக்கால்வாசி தூரம் மர நிழல். மேலே முகட்டில் கர்ணாயி தேவியின் சிறு கோயில், பிறகு கோட்டை வாசல். கொங்கணக் கரைக்கும் போர் கணவாய்க்கும் நடுவே வணிகச் சரக்கு போன வழியைக் காவல் காத்த கோட்டை இது. 1670இல் சிவாஜி பிடித்தார், 1818இல் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. கட்டைவிரல் தூண் ஏறத்தாழ 125 அடி உயரம், எரிமலைக் குழம்பு இறுகின கருங்கல். அதன் அடியில் பாறையைக் குடைந்த தண்ணீர்த் தொட்டிகள் இருக்கின்றன. தூணின் மேலே ஏற நினைக்க வேண்டாம். கயிறும் பயிற்சியும் உள்ளவர்களின் வேலை அது. தூணில் மலைத்தேனீ கூடு கட்டும். சத்தம் போடுவது, கல் எறிவது, சிகரெட் பற்றவைப்பது, வாசனை ஸ்ப்ரே அடித்துக்கொண்டு வருவது எதுவும் கூடாது. தேனீ கிளம்பிவிட்டால் அந்தக் குறுகலான இடத்தில் ஓட இடமில்லை. தெளிவான நாளில் பிரபல்கட், மாத்தேரான், மாணிக்கட் மலைகளெல்லாம் கண்ணுக்கு எட்டும்.

உச்சியில் எவ்வளவு நேரம் என்பதற்கு நான் வைத்திருக்கும் விதி ஒன்றே. எங்கே இருந்தாலும் ஒன்பதரைக்குத் திரும்ப வேண்டும். கோட்டை வாசலுக்குப் பத்தடி இருந்தாலும் சரி. போன வருஷம் வந்த பிள்ளைகளில் ஒருத்திக்கு வழியில் செருப்பு வார் அறுந்து, எல்லோரும் நின்று, கோயிலுக்குக் கீழேயே ஒன்பதரை ஆகிவிட்டது. தூணைத் தொடாமல் இறங்கினோம். கீழே வரும் வரை ஒருவரும் என்னோடு பேசவில்லை. அந்தப் பதினோரு மணி வெயிலில் பன்வேல் சாலையில் மிதிக்கும்போது பேச்சு தானே வந்துவிட்டது.

இறக்கத்தில்தான் கால் சறுக்கும். மாசியில் உதிர்ந்த சருகு சரளைக்கல்லை மூடியிருக்கும். உடம்பைப் பின்னால் சாய்க்காமல், முழங்காலை மடக்கி, சின்னச் சின்ன அடியாக வையுங்கள். செருப்பு வேண்டவே வேண்டாம்.

தண்ணீரைப் பொறுத்தவரை ஆளுக்கு மூன்று லிட்டருக்குக் குறையாமல், அதில் ஒரு பாட்டிலில் உப்புச் சர்க்கரைக் கரைசல். மோரும் நல்லது. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது, தலை சுற்றும். யாராவது உளறினாலோ, நடை தள்ளாடினாலோ, உடம்பு நெருப்பாகச் சுட்டாலோ அது களைப்பு அல்ல. நிழலில் படுக்கவைத்துத் துணியை நனைத்து உடம்பெல்லாம் போர்த்தி விசிறுங்கள், 108க்குப் போன் போடுங்கள். நினைவு தப்பினவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பன்வேல் திரும்பிச் சாப்பிட்டுப் படுத்து எழுந்து, மாலை நாலரைக்கு மான்குர்த்துக்குக் கிளம்பலாம். கடல் காற்று அப்போது நேர் எதிரே வரும். ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்களுக்குக் காலையில் போகும்போது கிழக்குக் காற்று எதிரே, மாலையில் திரும்பும்போது மேற்குக் காற்று எதிரே. அப்படிப் போகும் சைக்கிள்காரனுக்கு உதவி செய்யும் காற்றே கிடையாது. திரும்ப இரண்டரை மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். தெம்பில்லாதவர்கள் டெம்போ பேசிச் சைக்கிளை ஏற்றிவிட்டு ரயிலில் வரலாம், அதில் வெட்கமில்லை.

பெற்றோர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: படிக்கிற பிள்ளையை லாரி ஓடுகிற ரோட்டில் சைக்கிளில் அனுப்புவதா? கேள்வி நியாயமானது. பதினாலு வயதுக்குக் கீழே நான் அழைத்துப் போவதில்லை. அதற்கு மேற்பட்டவர்களும் முதலில் இரண்டு ஞாயிறு வாஷி வரை போய் வர வேண்டும். அதில் சிக்னலை மதிக்காதவர்களுக்கு மலை கிடையாது. ஆறு பேருக்கு மேல் ஒரு குழுவில் வேண்டாம். முன்னால் ஒரு பெரியவர், கடைசியில் ஒரு பெரியவர். கடைசி ஆளாக வருவதற்கு இந்த மாசியில் அண்ணாச்சி ஒப்புக்கொண்டிருக்கிறார். முப்பது வருஷம் பொழப்புக்காக மிதித்தவர், சும்மா ஒரு மலையைப் பார்க்க மிதிப்பது இதுதான் முதல் தடவை. இட்லிப் பாத்திரத்தைக் கேரியரிலிருந்து கழற்றவே மாட்டேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.